கடுமையான ஃப்ளூவும் ஏற்கெனவே உள்ள நோய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா ஏ, பி வைரஸ்களால் வரும் காய்ச்சல். மூக்கு ஒழுகி மூன்று நாளில் போய்விடும் சாதாரணச் சளி இதில் சேராது. சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் என்று ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதியது. மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை.

ஒரே வைரஸ்தானே? ஒருவருக்கு ஐந்து நாளில் சரியாகிறது, இன்னொருவர் ஏன் வென்டிலேட்டர் வரை போகிறார்?

பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் மூக்கு, தொண்டை, பெரிய மூச்சுக்குழாய் மட்டத்திலேயே நின்றுவிடும். காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் இழுக்கும். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 30 முதல் 50 லட்சம் பேருக்கு ஃப்ளூ கடுமையாகிறது. சுவாசப் பாதிப்பால் மட்டும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள்.

கடுமையாவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, வைரஸே நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடுவது. காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மூச்சுத்திணறல் வந்து, மணிக்கணக்கில் மோசமாகும். இரண்டாவது, வைரஸ் அரித்துப்போட்ட மூச்சுக்குழாய் உட்சவ்வில் பாக்டீரியா குடியேறி வரும் நிமோனியா. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது இதுதான் என்று, பாதுகாத்து வைக்கப்பட்ட நுரையீரல் திசுக்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது தெரிந்தது. மூன்றாவது வழியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அதுவரை மருந்தில் அடங்கியிருந்த பழைய நோய் ஃப்ளூவின் உந்துதலில் கட்டு அறுத்துக்கொள்ளும். மாரடைப்பு, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிய மயக்கம், சிறுநீரகம் நின்றுபோவது என்று வேறு பெயரில் வருவதால், ஃப்ளூவின் கணக்கில் அது சேர்வதே இல்லை.

எந்தெந்த நோய்கள் உள்ளவர்கள் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள்?

ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நோய்) உள்ளிட்ட நாள்பட்ட நுரையீரல் நோய்கள், இதய நோய்கள், சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரக, கல்லீரல் நோய்கள், பக்கவாதம், வலிப்பு, தசை பலவீனம் போன்ற நரம்பு சார்ந்த நோய்கள், அரிவாள் அணு ரத்தசோகை, எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று, நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவற்றால் எதிர்ப்பாற்றல் குறைந்த நிலை, பி.எம்.ஐ. 40-க்கு மேற்பட்ட உடற்பருமன். இவற்றோடு 65 வயதைக் கடந்தவர்கள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் (குறிப்பாக 2 வயதுக்குள்), கர்ப்பிணிகள், பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்கள்.

வேறு எதுவும் இல்லாமல் ரத்த அழுத்தம் மட்டும் இருந்தால் பொதுவாக இந்தப் பட்டியலில் வராது. அதோடு இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்துவிட்டால் வரும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அப்படியென்றால் ஃப்ளூ வந்தால் கண்டிப்பாக ஆபத்தா?

இல்லை. நோயின் பெயரைக் கேட்டதும் பயப்படுவதைவிட, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கண்ணோ சிறுநீரகமோ பாதிக்காத, கட்டுக்குள் உள்ள சர்க்கரை ஒரு ரகம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 10 சதவீதத்தைத் தாண்டி, காலில் ஆறாத புண்ணோடு இருக்கும் சர்க்கரை வேறு ரகம். கடந்த ஓர் ஆண்டில் அந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்ததுண்டா, வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படுகிறதா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, இரண்டு மூன்று நோய்கள் சேர்ந்து இருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்தால் ஆபத்து எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும். நோய்கள் சேரச் சேர ஆபத்து கூட்டலாகப் போகாமல் பெருக்கலாகப் போவதும் உண்டு. இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து பழுதானவருக்கு, ஒன்றைக் காப்பாற்றக் கொடுக்கும் சிகிச்சையே மற்றதைக் கெடுக்கும்.

ஃப்ளூவுக்கும் மாரடைப்புக்கும் என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. பரிசோதனையில் ஃப்ளூ உறுதியானவர்களை வைத்து கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட 6 மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

காரணம் ஒன்றல்ல. தொற்றை எதிர்க்கக் கிளம்பும் அழற்சி, ரத்தக்குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புப் படிவத்தை வெடிக்க வைக்கும். ரத்தம் உறையும் தன்மையும் கூடும். காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடித்து அதிக ஆக்சிஜன் கேட்கும். அதே நேரம் நுரையீரல் தருவதோ குறைவு. சிலருக்கு இதயத் தசையிலேயே அழற்சி வரும். அதனால் ஃப்ளூவில் படுத்திருக்கும் இதய நோயாளிக்கு நெஞ்சில் அழுத்தமோ, வியர்த்துக் கொட்டுவதோ, தாடைக்கோ கைக்கோ பரவும் வலியோ வந்தால், ‘இருமி இருமி வந்த வலி’ என்று முடிவு கட்டாமல் ஈ.சி.ஜி. எடுங்கள்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கைகண்ட கருவி எடை பார்க்கும் இயந்திரம். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன், அதே இயந்திரத்தில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது. மாறாக 2 கிலோ குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றினால் காய்ச்சலும் நீர் மாத்திரையும் சேர்ந்து உடலை வறட்டிவிட்டன. இரண்டுக்குமே மருத்துவரை அழைக்க வேண்டும். சிகிச்சை மட்டும் நேரெதிர்.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கும். நாளைக்கு ஆறு போட்டால் உப்பு எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மாத்திரையே போதும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், ஃபினைல்எஃப்ரின் கலந்த கூட்டு மாத்திரைகளும் இதய நோயாளிகளுக்கு வேண்டாம். ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றிவிடும்.

சர்க்கரை நோயாளி ஃப்ளூ நாட்களில் என்ன செய்ய வேண்டும்?

சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு, மிக மோசமான தவறும் அதுவே. காய்ச்சலின்போது சுரக்கும் கார்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் வெறும் வயிற்றிலேயே சர்க்கரையை ஏற்றும். நீண்டநேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் தொடர வேண்டும்; சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை மட்டும் உண்பதற்கும் சர்க்கரை அளவுக்கும் ஏற்ப, மருத்துவரைக் கேட்டு மாற்றலாம்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பாருங்கள், இரவிலும்தான். அடுத்தடுத்து இருமுறை 300-க்கு மேல் இருந்தாலோ, 70-க்குக் கீழே இறங்கினாலோ மருத்துவரை அழையுங்கள். முதல் வகை சர்க்கரை உள்ளவர்கள் கீட்டோனும் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) பார்க்க வேண்டும்: ரத்தத்தில் 1.5 மில்லிமோலைத் தாண்டினால் ஆலோசனை, 3-ஐத் தொட்டால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. சிறுநீர்ப் பட்டையில் பார்க்கிறவர்களுக்கு இரண்டு பிளஸ் வந்தாலே கவலைப்பட வேண்டிய அளவு.

மாத்திரைகளில் இரண்டைக் கவனியுங்கள். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகையைச் சாப்பாடு இறங்காத நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டும். அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டே இருப்பதால், சர்க்கரை 180, 200 என்று காட்டும்போதே உள்ளே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான வேக மூச்சு இருந்து, சர்க்கரை ‘பரவாயில்லை’ என்று காட்டினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். உடலில் நீர் வற்றியிருந்தால் மெட்ஃபார்மினையும் தற்காலிகமாக நிறுத்துவார்கள்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஃப்ளூ மிகவும் ஆபத்து என்கிறார்களே?

வீசிங் வந்து மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு நிச்சயம் அதிகம். ஆனால் 2009 பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றின்போது பிரிட்டனில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களை ஆராய்ந்தபோது, ஆஸ்துமா உள்ளவர்கள் இல்லாதவர்களைவிடக் குறைவாகவே தீவிர சிகிச்சைக்குப் போனதும் இறந்ததும் தெரிந்தது. அவர்கள் சீக்கிரமே மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். பலர் சேர்வதற்கு முன்பே ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: தடுப்பு இன்ஹேலரை ஃப்ளூ நாட்களில் ஒருவேளைகூட விடாதீர்கள்.

நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாக எடுங்கள். ஒரு பஃப் அடித்து நான்கைந்து மூச்சு இழுத்த பிறகே அடுத்த பஃப். நான்கைந்து பஃப்பை ஒன்றாக அடித்துவிட்டு இழுத்தால் மருந்துத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசர் சுவரிலேயே படிந்துவிடும். எடுத்த மருந்தின் பலன் நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் வீட்டில் இருக்காதீர்கள்.

ஃப்ளூ மருந்துகளில் ஜனாமிவிர் உறிஞ்சும் பொடியாக வருவது. மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும் என்பதால் ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. இரண்டுக்கும் அது வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் நாட்களில் அந்த மருந்து ரத்தத்தில் தேங்கலாம்; படபடப்பு, குமட்டல், கை நடுக்கம் வந்தால் ஃப்ளூவின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இருக்க வேண்டாம்.

சி.ஓ.பி.டி. கதை வேறு. அங்கே நுரையீரலில் மிச்சக் கொள்ளளவே கொஞ்சம்தான். ஆக்சிஜன் கொடுக்கும்போதும் 88 முதல் 92 சதவீதம்தான் இலக்கு. 99-க்கு ஏற்றிவிட்டு நிம்மதியடைந்தால், சிலருக்குக் கரியமில வாயு உள்ளே தேங்கி மயக்கத்தில் ஆழ்த்தும்.

சிறுநீரக நோயாளிக்கு ஃப்ளூ மருந்து அப்படியே கொடுக்கலாமா?

கூடாது. அதிகம் கொடுக்கப்படும் ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. வழக்கமான அளவு 75 மி.கி. தினம் இருவேளை, 5 நாள். கிரியேட்டினின் வெளியேற்றம் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதன் அளவு) நிமிடத்துக்கு 30 முதல் 60 மி.லி. என்றால் 30 மி.கி. இருவேளை, 10 முதல் 30 என்றால் 30 மி.கி. ஒருவேளை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு உடனே ஒரு 30 மி.கி., பிறகு ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு 30 மி.கி. டயாலிசிஸுக்கு முன் கொடுத்தால் மருந்தும் சேர்ந்து கழுவப்பட்டுப் போய்விடும்.

காய்ச்சல் என்று டயாலிசிஸைத் தள்ளிப்போடாதீர்கள்; பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. கிளம்பும் முன் அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் தனி இடம் ஒதுக்குவார்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். ஓ.ஆர்.எஸ். கரைசலில் பொட்டாசியம் இருப்பதால் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு எந்த விதத்தில் வேறுபடுகிறது?

காய்ச்சலே இல்லாமல் நுரையீரல் கெடலாம். மற்றவர்கள் ஐந்து முதல் ஏழு நாள் வைரஸை வெளியேற்றினால் இவர்கள் வாரக்கணக்கில் வெளியேற்றுவார்கள். அவ்வளவு நாள் மருந்துக்கு நடுவிலேயே வைரஸ் பெருகும்போது, மருந்துக்கு அடங்காத வகை முளைக்கவும் வாய்ப்பு. ஓசெல்டாமிவிரை எதிர்க்கும் எச்275ஒய் என்ற மாற்றம் இப்படிப்பட்டவர்களிடம் சிகிச்சையின்போதே தோன்றியதுண்டு. அதனால் 5 நாளோடு நிறுத்தாமல் பெரும்பாலும் 10 நாள் வரை கொடுப்பார்கள். ஒரே வேளையில் முடியும் இன்னொரு ஃப்ளூ மருந்தான பாலாக்சாவிரை மட்டும் தனியாக நம்புவது இவர்களுக்குச் சரிவராது.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தாங்களாக நிறுத்தினால் உறுப்பே போய்விடும். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற வாத மருந்துகளைக் கடுமையான தொற்றின்போது மருத்துவர் சில நாள் நிறுத்தச் சொல்லலாம்; அந்த முடிவு அவருடையது. தினமும் 5 மி.கி. அல்லது அதற்கு மேல் ப்ரெட்னிசோலோனை ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களின் அட்ரினல் சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும். இவர்கள் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலோ, வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டாலோ ரத்த அழுத்தம் சரிந்துவிடும். காய்ச்சல் நாட்களில் அளவைக் கூட்டவும், வாந்தி நிற்காவிட்டால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடவும் வேண்டியிருக்கும்.

உடல் எடை அதிகம் என்பது தனியாகவே ஆபத்தா?

ஆம். 2009-இல்தான் அது பளிச்சென்று தெரிந்தது. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலின் அடிப்பகுதி விரியாது. உடற்பருமன் உள்ள பெரியவர்கள் இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸை 42 சதவீதம் அதிக காலம் வெளியேற்றுவதாக நிகராகுவாவில் வீடுவீடாக நடந்த ஆய்வு ஒன்று கண்டது. படுக்கையில் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வையுங்கள். எடை அதிகம் என்பதற்காக ஓசெல்டாமிவிரைக் கூட்ட வேண்டியதில்லை. தடுப்பூசி போடும்போது மட்டும் ஊசியின் நீளம் முக்கியம்: 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 38 மி.மீ. ஊசி தேவை. குட்டை ஊசியில் போட்டால் மருந்து தசையை எட்டாமல் கொழுப்பிலேயே தங்கும்.

கர்ப்பிணிகள்?

கர்ப்பம் நோயல்ல. என்றாலும் கடைசி மூன்று மாதங்களில் நுரையீரலுக்கு இடம் குறைவு, ஆக்சிஜன் தேவை அதிகம். எந்த மாதமானாலும் ஓசெல்டாமிவிர் 75 மி.கி. இருவேளை கொடுக்கலாம், பாலாக்சாவிர் கூடாது. காய்ச்சலைப் பாராசிட்டமாலால் இறக்கிவிடுங்கள், முதல் மூன்று மாதத்தில் குறிப்பாக. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. முகக்கவசம் அணிந்து, கை கழுவிவிட்டுக் கொடுக்கலாம்.

கல்லீரல், நரம்பு நோய்கள் உள்ளவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் பாராசிட்டமால் நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வயிறு வீங்குவது, பகலில் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது ஆகியவை கல்லீரல் தடுமாறுவதன் அறிகுறிகள்.

நரம்பு, தசை நோய் உள்ளவர்களுக்குச் சிக்கல் வைரஸைவிட இருமலில்தான். பலமாக இரும முடியாதவரின் சளி வெளியே வராது. சரியாக விழுங்க முடியாதவர் குடிப்பது நுரையீரலுக்குள் இறங்கும். அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். வலிப்பு நோயாளி மாத்திரை போட்ட சற்று நேரத்தில் வாந்தி எடுத்தால், மறுபடி கொடுக்கலாமா என்று உடனே கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலும் தவறிய மாத்திரையும் சேர்ந்தால் வலிப்பு வர வேறு காரணம் வேண்டாம்.

வயதானவருக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் குழப்பமாகப் பேசுகிறார். இது ஃப்ளூவாக இருக்குமா?

இருக்கலாம். தளர்ந்த முதியவர்களின் வழக்கமான உடல் வெப்பமே குறைவு; அதிலிருந்து 1.1 டிகிரி செல்சியஸ் ஏறினாலே அவர்களுக்கு அது காய்ச்சல். கீழே விழுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, ஆள் அடையாளம் தவறுவது, திடீரெனப் படுக்கையிலேயே கிடப்பது ஆகியவை மட்டுமே முதல் அறிகுறியாக இருக்கும். வீட்டில் வேறொருவருக்கு அந்த வாரம் இருமல் காய்ச்சல் இருந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

48 மணி நேரம் தாண்டிவிட்டால் ஃப்ளூ மருந்தால் பயனில்லையா?

இந்த 48 மணி நேரக் கணக்கு அரைகுறையாகப் பரவி நிறையக் கெடுதல் செய்திருக்கிறது. ஆரோக்கியமானவர்களுக்கு நோயை ஏறத்தாழ ஒரு நாள் குறைக்க வேண்டுமானால் அந்த நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதே அதன் பொருள். மருத்துவமனையில் சேரும் அளவுக்குப் போனவர்களுக்கும் ஆபத்துப் பிரிவில் உள்ளவர்களுக்கும் மூன்றாம் நாள், நான்காம் நாள் ஆனாலும் கொடுப்பதுண்டு. சீக்கிரம் கொடுத்தால் பலன் அதிகம், அவ்வளவுதான்.

அதனால்தான் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் முடிவு தரும் விரைவுப் பரிசோதனை, ஃப்ளூ உள்ளவர்களில் 50 முதல் 70 சதவீதம் பேரை மட்டுமே பிடிக்கிறது. ‘இல்லை’ என்று வந்தால் பி.சி.ஆர். எடுக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூக்கில் எடுத்த மாதிரியில் வைரஸ் தெரியாமல், நுரையீரலிலிருந்து உறிஞ்சி எடுத்த சளியில் தெரிவதும் உண்டு.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது?

இதை நல்லநாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். காய்ச்சல் வந்த இரவில் யாரிடம் கேட்பீர்கள்? பொதுவான நிலை இதுதான்:

வாந்தி, பேதி, சாப்பாடு இறங்காமை இருக்கும் நாட்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லக்கூடியவை: நீர் மாத்திரைகள், எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் வகைகள், மெட்ஃபார்மின், ‘ஃப்ளோசின்’ என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனதும் மீண்டும் தொடங்குவார்கள். இருமல் காய்ச்சல் மட்டும் இருந்து, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருந்தால் பொதுவாக எதையும் நிறுத்தத் தேவையில்லை.

தொடர வேண்டியவை: இன்சுலின், இன்ஹேலர், ஸ்டேடின் (கொலஸ்டிரால் மாத்திரை), இதய நோய்க்கான குறைந்த அளவு ஆஸ்பிரின், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை), வலிப்பு மாத்திரை. ஆஸ்பிரின் விஷயத்தில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய்ஸ் நோய் வரலாம். அடைபட்ட ரத்தக்குழாய்க்கு ஸ்டென்ட் வைத்த பெரியவர் அதே ஆஸ்பிரினை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) பாருங்கள். உணவு குறைவதும், ஆன்டிபயாடிக்கும், தொடர்ந்து போடும் பாராசிட்டமாலும் அதை ஏற்றும். மனநோய்க்கான க்ளோசபினும் காய்ச்சல் நாட்களில் ரத்தத்தில் ஏறக்கூடியது.

சீக்கிரம் குணமாக ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். காய்ச்சலும் உடல்வலியும் சட்டென்று இறங்குவதால் வேலை செய்வதுபோல் தெரியும். உள்ளே வைரஸ் வெளியேறத் தாமதமாகும், பாக்டீரியா தொற்றுக்கு வழி திறக்கும், சர்க்கரை எகிறும். கடுமையான ஃப்ளூவுக்கென்று ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்றே உலக சுகாதார அமைப்பின் 2024 வழிகாட்டுதலும் பரிந்துரைக்கிறது. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. தாக்குதலுக்குக் கொடுப்பதும், ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்குத் தொடர்வதும் வேறு கணக்கு.

ஆன்டிபயாடிக் எப்போது தேவை?

வைரஸுக்கு அது வேலை செய்யாது. காய்ச்சல் இறங்கி, எழுந்து நடமாடத் தொடங்கியவருக்கு ஐந்தாம் நாள், ஏழாம் நாள் வாக்கில் மறுபடி குளிர்க்காய்ச்சல் வந்து, சளி நிறம் மாறி, மூச்சிழுக்கும்போது விலாவில் குத்தினால் அது பாக்டீரியா நிமோனியாவாக இருக்கும் வாய்ப்பு பெரிது. நிமோகாக்கஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் இரண்டும் முக்கியமானவை. பின்னது ஒரே நாளில் நுரையீரலை ஓட்டையாக்கிவிடக்கூடியது. ‘ஃப்ளூ திரும்பி வந்துவிட்டது’ என்று வீட்டிலேயே பாராசிட்டமால் போட்டுக்கொண்டிருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது.

வீட்டில் எதை அளக்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும்?

ஆக்சிமீட்டரை மாட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். எண் நிலைக்கும் வரை அரை நிமிடமாவது பொறுத்து, பிறகு குறித்துக்கொள்ளுங்கள். மாட்டியவுடன் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. அடர்ந்த நிறத் தோலில் கருவி உண்மையைவிட இரண்டு மூன்று புள்ளி கூட்டிக் காட்டலாம். 94-க்குக் கீழே போனால் மருத்துவரை அழையுங்கள்; 92 அல்லது அதற்குக் கீழே மருத்துவமனை. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு இந்த எண்கள் பொருந்தாது. நல்லநாளில் அவருக்கு எவ்வளவு இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து 3 புள்ளி இறங்கினால் கிளம்புங்கள்.

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அவருக்குச் சொல்லாமல் எண்ணுங்கள், சொன்னால் மூச்சின் வேகம் மாறிவிடும். ஓய்வில் 25 அல்லது அதற்கு மேல் என்றால் கிளம்ப வேண்டும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவரின் நாடித்துடிப்பை நம்பாதீர்கள். உடம்பு எவ்வளவு மோசமானாலும் அது பெரிதாக ஏறாது.

உதடு நீலமாவது, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, குழப்பம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வலிப்பு ஆகியவற்றுக்கு எண் எதுவும் தேவையில்லை. குழந்தை மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழிவிழுந்தால் உடனே. 12 வாரத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு எந்தக் காய்ச்சலானாலும் உடனே.

தடுப்பூசி நோயாளிகளுக்கு வேலை செய்கிறதா?

வைரஸோடு நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் ஃப்ளூவுக்காக மருத்துவரைப் பார்க்க வேண்டிவரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். தீவிர சிகிச்சை வரை போவது குறையும். இதய நோயாளிகளுக்குக் கூடுதல் லாபம் உண்டு. மாரடைப்பு வந்த சில நாட்களுக்குள் தடுப்பூசி போட்டுப் பார்த்த, 2021-இல் வெளியான ஆய்வில், மரணம், மறு மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு மூன்றும் சேர்ந்து ஓர் ஆண்டில் 7.2 சதவீதத்திலிருந்து 5.3 சதவீதமாகக் குறைந்தன. ஒரே ஓர் ஊசிக்கு இது சாமானியப் பலனல்ல.

ஆண்டுதோறும் போட வேண்டும். பலன் வர இரண்டு வாரம் ஆகும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மூக்கில் தெளிக்கும் உயிருள்ள வகை கூடாது, ஊசி வகை மட்டுமே. 65 வயதைக் கடந்தவர்களுக்கு அதிக அளவு மருந்து கொண்ட வகை கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள், மூட்டு நோய் அடங்கியிருந்தால், ஊசிக்குப் பின் இரண்டு வாரம் அந்த மருந்தை நிறுத்தி வைப்பது எதிர்ப்பணுக்கள் நன்றாக உருவாக உதவும். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி அவ்வளவாகப் பலன் தராது என்பதால், கூட இருப்பவர்கள் எல்லோரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த நோயும் இல்லாதவர் கவலைப்படவே வேண்டாமா?

அமெரிக்காவில் ஃப்ளூவுக்காக மருத்துவமனையில் சேரும் பெரியவர்களில் 10-க்கு ஏறத்தாழ 9 பேருக்கு முன்பே ஏதோ ஒரு நோய் இருக்கிறது. மிச்சம் ஒருவரும் இருக்கிறார் அல்லவா? குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு எந்த நோயும் இருந்ததில்லை. தனக்குச் சர்க்கரை இருப்பதே ஃப்ளூவுக்காகச் சேர்ந்தபோதுதான் தெரிந்தது என்கிறவர்களும் உண்டு.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுமா?

நுரையீரல் படம் தெளிய ஆறு வாரம் வரை ஆகும். முதியவர்களுக்கு இன்னும் கூடுதல். வென்டிலேட்டரில் இருந்தவர்களின் தொடைத் தசை கரைந்திருக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவதில் தொடங்கி, நாளுக்கு நாள் நடையைக் கூட்ட வேண்டும். முதல் வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கும்போது கிரியேட்டினின், பொட்டாசியம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். காய்ச்சல் நாட்களில் நிறுத்திய பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் வீட்டுச் சீட்டில் திரும்ப ஏறியிருக்கின்றனவா என்று பழைய சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கூட்டிய இன்சுலினையும் ஸ்டீராய்டையும் எப்போது, எவ்வளவு குறைப்பது என்று தேதியோடு கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் போனபின் அதே அளவு இன்சுலின் போட்டால், வீட்டுக்கு வந்த நான்காம் நாள் விடியற்காலையில் சர்க்கரை 50-க்கு இறங்கி நிற்கும்.